ஃபவுண்டரி இருந்த இடத்தில் 14 மாடி: பக்கத்துத் தெரு என்ன கேட்கலாம்?

கடிதம் எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. சென்னையின் புறநகரில், 1970களில் போடப்பட்ட லேஅவுட் ஒன்றில் 28 ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். 20 அடித் தெரு, 46 வீடுகள். தெருக்கோடியில் பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த ஃபவுண்டரியின் 3 ஏக்கர் இடத்தை ஒரு பில்டர் வாங்கியிருக்கிறார். இரண்டு பிளாக், தூண்தளத்துக்கு மேல் 14 மாடி, 320 வீடுகள். இடத்தின் முன்பக்கம் 60 அடி மெயின் ரோடு, பின்பக்கம் இவருடைய தெரு. போன மாதம் கல்யாண மண்டபத்தில் தெருக்காரர்களை அழைத்து, டீயும் சமோசாவும் கொடுத்து, திரையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் தெருப் பக்கம் ‘சர்வீஸ் கேட்’ என்று ஒரு வாசல் இருந்தது. பூங்கா, ஓடையை ஒட்டிய கடைசி மூலையில், தெருவிலிருந்து வழியே இல்லாத இடத்தில் இருந்தது. தரையை 4 அடி உயர்த்தப் போவதாகவும் பேச்சு.

அன்று முதல் தெரு இரண்டாகிவிட்டது. நலச் சங்கச் செயலாளரும் அவரோடு இருப்பவர்களும் கட்டடமே வரக் கூடாது, கோர்ட்டில் ஸ்டே வாங்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், வந்தால் மனை விலை ஏறும், விடுங்கள் என்கிறார்கள். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் தெருவில் கேமரா வைக்கவும் 25 லட்சம் தருகிறோம், சங்கத்தின் லெட்டர்பேடில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கொடுங்கள் என்று பில்டர் தரப்பு கேட்டிருக்கிறது. “கட்டடம் வரட்டும், ஆனால் கேட் மெயின் ரோட்டில் இருக்கட்டும், பூங்கா நம் பக்கம் வரட்டும், தண்ணீர் நம் வீட்டுக்குள் வராமல் பார்ப்போம் என்று கூட்டத்தில் சொன்னேன். ‘வாசல் எங்கே என்று பேசினாலே சம்மதம் சொன்ன மாதிரி’ என்று செயலாளர் கத்தினார். அவர் மனைவி என் 28 வருடத் தோழி. இப்போது கோலம் போட வரும்போது என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறார். நான் செய்தது தப்பா? சட்டப்படி எங்களுக்கு என்னதான் உரிமை?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, வணக்கம்.

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. கூட்டத்தில் நீங்கள் கேட்ட மூன்றும்தான், இப்போதைய நிலையில் உங்கள் தெரு கேட்க வேண்டிய முக்கியமான மூன்று விஷயங்கள். ‘வாசல் எங்கே என்று பேசினாலே சம்மதம்’ என்பது சட்டப்படி சரியில்லை. “எங்களுடைய மற்ற ஆட்சேபங்கள் எதையும் விட்டுக்கொடுக்காமல், இந்த வரைபடத்தைப் பற்றி மட்டும் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிக்கிறோம்” என்று மனுவின் முதல் வரியில் எழுதிவிட்டால் போதும். நாளைக்கு அனுமதியையே எதிர்த்து வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கும். இந்த ஒரு வரியைச் செயலாளரிடம் காட்டுங்கள். அவருடைய பயத்தில் பாதி அதிலேயே குறையும்.

அப்புறம், இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

எது உங்கள் கையில் இல்லை

பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி கொடுக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. அப்படி விதி இல்லை. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குச் சாலை அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடைவெளி, எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் மொத்தம் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) எல்லாம் எண்களாக வகுக்கப்பட்டிருக்கின்றன. எண்கள் பொருந்தினால், தெருவுக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. 46 வீட்டுக் கையெழுத்தையும் வாங்கி “கட்டடம் வேண்டாம்” என்று மட்டும் எழுதினால், அது கோப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாததால் திட்டம் செல்லாது என்பது இன்னொரு நம்பிக்கை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் இடம் 12,140 சதுர மீட்டர். 18 மீட்டர் சாலைக்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 என்று எடுத்தால், ஏறத்தாழ 39,450 சதுர மீட்டர், அதாவது நாலேகால் லட்சம் சதுர அடி கட்டலாம். ஆகவே அந்த அனுமதி கட்டாயம் தேவை. ஆனால் இந்த வகைக் கட்டடங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அனுமதி வந்தால் அதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக 30 நாள்தான். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதற்கு மேல் கிடையாது.

வெயிலும் காற்றும் பற்றி எழுதியிருந்தீர்கள். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு ஜன்னல் வழியாக 20 ஆண்டு இடையூறு இல்லாமல் வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை தருகிறது. உங்களுக்கு 28 ஆண்டு ஆகிவிட்டதால் சமையலறை ஜன்னலுக்கு அது உண்டு. ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்றால் போதாது, அந்த அறையில் புழங்குவதே சிரமமாகும் அளவுக்குக் குறைய வேண்டும். திறந்தவெளிக்கு இந்த உரிமை கிடையவே கிடையாது, 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வடாம் காயவைக்கும் பின்கட்டில் மதியத்துக்கு மேல் நிழல் விழும் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. அதை வழக்காக்க முடியாது.

செயலாளர் நொய்டா இரட்டைக் கோபுரத்தை உதாரணம் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். 2022 ஆகஸ்ட் 28 அன்று அந்த அடுக்குமாடிகளை நீதிமன்ற உத்தரவின்படி இடித்தது உண்மை. ஆனால் வழக்குப் போட்டவர்கள் அதே வளாகத்தில் வீடு வாங்கியவர்கள். அவர்களுக்குக் காட்டிய பசுமைவெளியிலேயே கோபுரம் எழும்பியது. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியும் விடப்படவில்லை. 2012இல் நீதிமன்றம் போனவர்கள் முடிவைப் பார்க்கப் பத்து ஆண்டு ஆயிற்று. அதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. குடியிருப்போர் வரைபடத்தைக் கேட்டபோது, பில்டர் சம்மதிக்கவில்லை என்று சொல்லி அதிகாரிகள் தர மறுத்ததை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஆகவே நீங்கள் வரைபடத்தைக் கேளுங்கள். திரையில் காட்டிய படம் வரைபடம் ஆகாது.

பூங்கா: இங்கேதான் உங்கள் பலம்

மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் அரசுத் தரப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சுவழக்கில் ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டிவிடலாம். உங்கள் பக்கத்து இடம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது, பணம் கட்டித் தப்ப முடியாது. 12,140இல் பத்தில் ஒன்று 1,214 சதுர மீட்டர். சாலைக்குக் கழித்தாலும் ஏறத்தாழ 5 கிரவுண்ட் தேறும். இந்த விதியே செல்லாது என்று சென்னை அடுக்குமாடி உரிமையாளர்கள் போட்ட வழக்கில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

பலரும் கவனிக்காத ஒன்று சொல்கிறேன். எழுதிக் கொடுத்த அந்த 5 கிரவுண்டையும் சேர்த்துத்தான் பில்டருக்கு எஃப்.எஸ்.ஐ. கணக்கிடுவார்கள். அதாவது பூங்கா எந்த மூலையில் இருந்தாலும் அவர் கட்டக்கூடிய சதுர அடி குறையாது. ஆனால் கட்டடத்துக்கு விட வேண்டிய இடைவெளியைப் பூங்காவின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். எனவே பூங்கா உங்கள் தெருப் பக்கம் வந்தால், தெருவுக்கும் 14 மாடிக்கும் நடுவே பூங்காவின் அகலமும் இடைவெளியின் அகலமும் சேர்ந்து கிடைக்கும். சமையலறை வெளிச்சத்துக்கு எந்த வழக்கைவிடவும் இது உதவும். பில்டருக்கு நஷ்டம் பிளாக்குகளை நகர்த்தி வரையும் ஆர்க்கிடெக்ட் வேலைதான். அதையும் இப்போது, அனுமதிக்கு முன்னால் செய்தால்தான் உண்டு. தானப் பத்திரம் பதிவான பிறகே அனுமதிக் கடிதம் வரும். பத்திரத்தில் நான்கு எல்லையும் எழுதிப் பதிவாகிவிட்டால் பூங்காவை நகர்த்துவது மிகக் கடினம்.

நான் நடத்திய ஒரு வழக்கில், பொதுப் பூங்கா என்று எழுதிக் கொடுத்த இடத்துக்கு ஒரே ஒரு இரும்புக் கதவு, அதுவும் அடுக்குமாடியின் உள்ளே இருந்தது. வெளியிலிருந்து போன பிள்ளைகளை வாட்ச்மேன் திருப்பி அனுப்பினார். சாவி அசோசியேஷன் அலுவலகத்தில் ஆணியில் தொங்கியது. மாநகராட்சி ஊழியரே அவர்களிடம் கேட்டு வாங்கித்தான் உள்ளே போனார். அந்தப் பூட்டைத் திறக்க எங்களுக்கு நான்கு ஆண்டு பிடித்தது. அதனால் சொல்கிறேன்: “பூங்கா வேண்டும்” என்று மட்டும் கேட்காதீர்கள். பொதுத் தெருவைப் பார்த்த வாசல், பில்டர் செலவில் பூங்காவுக்கும் அடுக்குமாடிக்கும் நடுவே தனிச் சுவர், மாநகராட்சி பெயர்ப் பலகை என்று மூன்றையும் மனுவில் எழுதுங்கள்.

பக்கத்துத் தெருக்காரர்களுக்கு இதில் பேச என்ன உரிமை என்று யாராவது கேட்டால், பெங்களூர் வழக்கு ஒன்றைச் சொல்லலாம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அந்தப் பகுதிக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். அவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. திறந்தவெளி விஷயத்தில் அந்தத் தீர்ப்பு இன்றும் நமக்குக் கைகொடுக்கிறது.

தண்ணீர்

2015இல் இடுப்பளவு, 2023 மிக்ஜாம் புயலில் மூன்று நாள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் மழை அந்த 3 ஏக்கரில் பெய்தால் 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 100 லாரி. இதுவரை அந்த நூறு லாரித் தண்ணீர் ஃபவுண்டரியின் பள்ளமான மண்தரையில் தேங்கி ஊறிக்கொண்டிருந்தது. தரையை 4 அடி உயர்த்தி, சிமெண்ட் போட்டு மூடினால் அது பள்ளத்தைத் தேடித்தான் வரும். பள்ளம் உங்கள் தெரு.

மேட்டு நிலத்து மழைநீர் இயற்கையாகத் தாழ்ந்த நிலத்துக்கு வடிவதைத் தாழ்ந்த நிலத்துக்காரர் தடுக்க முடியாது என்பது பழைய சட்டம். இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘இயற்கையாக’ என்பது. லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்திய மேட்டுக்கு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் வெள்ளம் வந்த பிறகு வாதாடுவதைவிட, நீர்வளத் துறையின் சான்றை இப்போதே வாங்கிப் பார்ப்பது நல்லது. ஓடையை ஒட்டிய இடம் என்பதால் அந்தச் சான்று தேவைப்படும். தரையை இத்தனை உயர்த்த வேண்டும் என்று சில சமயம் அந்தச் சான்றிலேயே எழுதியிருக்கும். அப்படியென்றால் உயர்த்தாதே என்று பில்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. உயர்த்தினால் வடிகால் எந்தப் பக்கம், எந்த அளவு, எங்கே போய்ச் சேருகிறது என்று நீர்வளத் துறையிடமும் மாநகராட்சி மழைநீர் வடிகால் பிரிவிடமும் கேளுங்கள். 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புக் குழிகள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள்.

கேட்

20 அடித் தெரு என்றால் 6 மீட்டர்தான். உயர்மாடிக் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். இந்தத் திட்டம் நிற்பதே மெயின் ரோட்டின் அகலத்தை நம்பித்தான். அப்படியிருக்க 320 வீட்டு வண்டிகளும், குப்பை லாரியும், தண்ணீர் லாரியும் உங்கள் தெருவைப் பயன்படுத்துவது நியாயமில்லை என்று தாராளமாகக் கேட்கலாம். இத்தகைய கட்டடங்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தும் கேட்கப்படும். உங்கள் மனுவின் நகலை அங்கேயும் கொடுங்கள். தீயணைப்பு வண்டிக்காகத்தான் பின்வாசல் என்று பில்டர் சொல்லக்கூடும். சரி, அவசரத்துக்கு மட்டும் திறக்கும் வாசல் என்று வரைபடத்திலேயே குறித்துத் தாருங்கள் என்று கேளுங்கள்.

25 லட்சம்

கோயிலுக்குப் பணம் தருவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஈடாகக் கேட்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற கடிதம், நாளை கேட் திறந்தாலும் பூங்கா பூட்டினாலும் உங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் நீட்டப்படும். கட்டட விதிப்படி தேவையே இல்லாத அந்தக் கடிதத்துக்கு 25 லட்சம் விலை பேசுகிறார்கள் என்றால், அது அவர்களுக்கு வேறு எங்கோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். ஒப்பந்தம் செய்வதாக இருந்தால் பதிவு பெற்ற சங்கத்தின் பொதுக்குழு தீர்மானத்தோடு செய்யுங்கள். பூங்கா, கேட், வடிகால் மூன்றையும் குறித்த வரைபடத்தை இணைத்து, அதன் ஒவ்வொரு தாளிலும் பில்டரின் கையெழுத்தை வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் அந்த இடத்தின் நிலப் பயன்பாடு என்ன என்று சர்வே எண்ணைக் கொடுத்து சி.எம்.டி.ஏ.வில் கேளுங்கள். ஃபவுண்டரி இருந்த இடம், இரண்டாவது மாஸ்டர் பிளானில் தொழில் மண்டலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் குடியிருப்பாக மாற்ற நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்பார்கள். தெருவின் குரலுக்கு விதிப்படியே இடம் இருக்கும் கட்டம் அது. அந்த அறிவிப்பு சின்ன எழுத்தில், உள்பக்கத்தில் வரும். தினமும் பேப்பரைப் பார்க்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.

விண்ணப்பம், வரைபடம், துறைகளின் சான்றுகள் ஆகியவற்றின் நகல் கேட்டு 10 ரூபாய்க் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். விற்பனை தொடங்கும் முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம் என்பதால், அந்த இணையதளத்திலும் பின்னால் ஆவணங்கள் கிடைக்கும். வேலை தொடங்கினால் அனுமதி பெற்ற வரைபடத்தை இடத்திலேயே பார்வைக்கு வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ஒவ்வொரு வீட்டுச் சுவரையும், ஏற்கெனவே உள்ள விரிசல்களோடு, தேதி தெரியும்படி இப்போதே படம் எடுத்து வையுங்கள். அஸ்திவாரத்துக்குப் பைலிங் (ஆழத் தூண்கள்) போடும்போது புதிய விரிசல் வந்தால் “அது முன்பே இருந்தது” என்பதுதான் முதல் பதிலாக வரும். பழைய ஃபவுண்டரி மண்ணை எங்கே கொட்டப் போகிறார்கள், அதைப் பரிசோதித்தார்களா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

லாரியை மறிப்பது, வாட்ஸ்அப்பில் பில்டரைத் திருடன் என்று எழுதுவது இரண்டையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையற்ற தடுப்புக்கு 126ஆம் பிரிவும் அவதூறுக்கு 356ஆம் பிரிவும் இருக்கின்றன. தெருப் பிள்ளைகள் மேல் ஒரு வழக்குப் பதிவானால், பூங்காவை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியதுதான்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு கடைசி வழி. கையில் ஒரு விதிமீறல் ஆவணத்தோடு, தாமதிக்காமல் போனால் பலன் உண்டு. வெறும் ஸ்டேக்காகப் போனால் செலவுதான்.

தோழி விஷயத்தில் வக்கீலாக நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எஃப்.எஸ்.ஐ. 3.25 கிடைக்க மெயின் ரோடு 18 மீட்டர் இருக்க வேண்டும். 60 அடி என்பது 18.29 மீட்டர். ஓர் அடி குறைந்தாலே 18க்குக் கீழே போய்விடும், அப்போது கட்டடத்தின் அளவையே மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். கட்டடம் வேண்டாம் என்பவர்களுக்கும் வடிவத்தை மாற்றச் சொல்பவர்களுக்கும் அந்த அளவு தேவை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வண்டிகள் குறைவாக இருக்கும்போது, ஒரு 30 மீட்டர் டேப்போடு போய் நான்கைந்து இடத்தில் அளந்து படம் எடுங்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் தோழியைக் கூப்பிட்டுப் பாருங்கள்.